மெழுகில் மீதமிருந்த ஒன்றரை நிமிடம்

டுரோஜாயே மாமாவின் பேரைச் சொன்னால் லாகோஸில் நாற்பது வயது தாண்டியவர்கள் இன்றும் சிரிப்பார்கள். "ஊரான் தட்டில் தன் அம்மா குலத்தைப் பாடிக்கொண்டவன்தானே?" என்பார்கள். பான்ஜோவை ஏந்திக் கள்ளுக்கடை முற்றத்தில் முதன்முதலாக ஜுஜு என்ற விருந்துப் பாட்டு வகையைப் பாடிய நாலைந்து பேரில் அவரும் ஒருவர் என்பது யாருக்கும் நினைவில்லை. எட்டு இசைத்தட்டுகள் பாடியிருக்கிறார். அவற்றில் ஒன்றை வைத்துத்தான் அந்தச் சிரிப்பு.

அவர் எனக்குச் சொந்த மாமா இல்லை. என் அப்பா லவானி அவருடைய குழுவில் பதினோரு வருடம் தம்பூரின் என்ற சலங்கைக் கைப்பறையைத் தட்டியவர். சிறுவயதில் பள்ளியில் அந்தக் கேலியைக் கேட்டபோதெல்லாம் எனக்கு அவரைத் தெரியாது என்பதுபோல நின்றிருக்கிறேன். இந்த வருடம் பரீட்சை முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில் அவருடைய பட்டறைக்குப் போய்வர ஆரம்பித்தேன். ஒருநாள் அந்தத் தட்டைப் பற்றிக் கேட்டேன். சொன்னார். என் அப்பாவிடம்கூடச் சொல்லாத பகுதிகளையும் சொன்னார். எழுதலாமா என்று கேட்டதற்கு, "எழுது. என்னை நல்லவனா மட்டும் ஆக்கிடாதே" என்றார். இபாதான் நகரத்து மனிதர்களின் பேரையும் வளவின் பேரையும் நான் மாற்றியிருக்கிறேன்.

மாமாவின் அப்பா லாகோஸ்காரர், படகு செய்யும் தச்சர். அம்மா இகேமோ என்ற மலையூர். ஊருக்கு ஊர் நடந்த சண்டைகள் ஓய்ந்த வருடம் அங்கிருந்து நடந்தே லாகோஸ் வந்து சேர்ந்தவர். தெருமுனையில் பயறு வடை சுட்டு விற்றார். அவருடைய இரு கன்னங்களிலும் மூக்கோரத்திலிருந்து சாய்வாக மூன்று கோடுகள், அவற்றின் கீழே குறுக்கே ஒரு சின்னக் கோடு. இகேமோக்காரர்களுக்குக் குழந்தையிலேயே கீறுவது அது. தினமும் காலையில் அவர் மகனை எழுப்பும்போது பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். தன் ஊரின் குலப்புகழைச் சொல்லித்தான் எழுப்புவார். "மூடுபனியைப் போர்த்திக்கொண்டு எழுகிறவர்களின் பிள்ளையே, மூங்கில் பாலத்தில் ஆடிக்கொண்டே நடக்கிறவர்களின் பிள்ளையே" என்று அது நீளும். முடியும்வரை மாமா கண் விழித்தும் விழிக்காத மாதிரி படுத்திருப்பாராம்.

பதினாறு வயதில் ரயில்வே பட்டறையில் தச்சு வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிக் கதவுகள் பொருத்துவது அவர் வேலை. ஒரு மாலுமி கழுத்து முறிந்த பான்ஜோ ஒன்றைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் கப்பல் அவனோடு போய்விட்டது. கதவுக் கட்டையில் மிஞ்சிய துண்டைச் செதுக்கி மாமா அதற்குப் புதுக் கழுத்து வைத்தார். அதில்தான் பாட ஆரம்பித்தார். என் அப்பாவின் தம்பூரினும் இன்னொருவரின் சுரைக்குடுக்கையும் சேர்ந்தன. தெருக்குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினார். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆள் அதைக் கேட்டுத் தட்டாக்கினான். அந்த வருடம் லாகோஸில் கிராமபோன் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தண்ணீர் வராததைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் விருந்துகளுக்கு அவரைக் கூப்பிட்டது அந்தப் பாட்டுக்காக இல்லை. அவர் முகம் படிப்பார். மற்றப் பாட்டுக்காரர்கள் முன்னாலேயே ஆள் வைத்து விருந்தாளியின் ஊர், பாட்டன் பேர் எல்லாம் விசாரித்துவைத்துக்கொள்வார்கள். இவர் யாரையும் கேட்கமாட்டார். முன்னால் வந்து நிற்கிறவரின் கன்னத்தைப் பார்ப்பார். கோடு எத்தனை, எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு ஆழம். அடுத்த மூச்சில் அந்த ஊரின் குலப்புகழை எடுத்துவிடுவார். எங்கோ ஓர் ஊரிலிருந்து பிழைக்க வந்து, லாகோஸில் தன்னை யாருக்கும் தெரியாது என்று இருக்கும் மனிதர் அப்படியே நின்றுவிடுவார். பிறகு, பாட்டுக்காரருக்குப் பரிசு தரும் முறைப்படி, சில்லிங் காசு ஒன்றை எடுத்து மாமாவின் வியர்த்த நெற்றியில் ஒட்டுவார்.

"நீ மூஞ்சியைப் படிக்கிறியா, மோப்பம் பிடிக்கிறியா?" என்று அப்பா கேட்பாராம். மாமாவுக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் இபாதானிலிருந்து அழைப்பு வந்தது. அபேக்கே என்ற துணி வியாபாரி அம்மாள் தன் அப்பாவுக்குப் புது வீடு கட்டித் தகரக் கூரை போட்டிருந்தார். வீடு தளபதி வளவுக்குள் இருந்தது. பழைய சண்டைக்காலத்துத் தளபதி ஒருவர் உண்டாக்கிய, ஒரே குடும்பத்தின் பல வீடுகள் சேர்ந்த பெரிய வளவு அது. அபேக்கேயின் அப்பா ஒகுந்தோலாதான் இப்போது அங்கே வயதில் மூத்தவர். அந்த வளவின் குலப்புகழ் மாமாவுக்குத் தெரியாது என்பதால் அதைச் சொல்லித்தர அபேக்கே அம்மாள் ஒருவரை அனுப்பிவைத்தார். முதல்நாள் சாயங்காலம் முழுவதும் உட்கார்ந்து அதை மனப்பாடம் செய்தார்கள்.

மறுநாள் காலை பந்தலின் கீழே பெரியவரைப் பார்த்ததும் மாமாவின் விரல் கம்பியில் நின்றுவிட்டது. மூன்று சாய்வுக் கோடுகள். கீழே குறுக்கே ஒன்று. அவருடைய அம்மாவின் முகம். அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அப்பாவிடம் குனிந்து, "லவானி, அவர் எங்கம்மா ஊரு" என்றார்.

"தெரியும். வாயை மூடு" என்றார் அப்பா.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. மலையூரின் கோடு போட்ட முகம் ஒரு தளபதியின் வளவில் எப்படி வந்தது என்பதற்கு ஒரே காரணம்தான் இருக்கமுடியும். சண்டையில் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை. அடிமையாக வந்து, வளர்ந்து, அந்த வீட்டுப் பேரையே வாங்கிக்கொண்டவர். எங்கள் பக்கத்தில் பாதி வளவுகளில் இப்படி ஒருவர் இருப்பார். கோடு காய்ச்சலுக்கு வைத்தியர் கீறியது என்பார்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள். தெரிந்தவர்தான் முதலில் ஆமாம் என்பார். ஒருவரின் பிறப்பை அவர் முன்னாலோ பின்னாலோ சொல்வதில்லை. அது சட்டம் மாதிரி.

அன்றைக்கு மாமா சட்டப்படிதான் நடந்தார். தளபதி வளவின் குலப்புகழை மட்டும் பாடினார். பெரியவர் எழுந்து வந்து நெற்றியில் காசு ஒட்டினார். எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள். அபேக்கே அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். தன் அப்பாவின் பேரை இசைத்தட்டிலும் பாடவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்துக் கம்பெனிக்காரன் லாகோஸ் வந்தான். ஜன்னல்களுக்குக் கம்பளி தொங்கவிட்ட அறை. உள்ளே அடுப்புபோல வெக்கை. பாட்டைப் பதிந்துகொள்ளும் மெழுகுத் தட்டு சுழலும். சிவப்பு பல்பு எரிந்தால் முடிக்கவேண்டும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம். முதல் பக்கம் புது வீட்டைப் பற்றி. நன்றாக வந்தது. இரண்டாம் பக்கம் பெரியவரின் புகழ். மாமா ஆரம்பித்தார். ஒரே சாயங்காலத்தில் படித்தது எவ்வளவு இருக்கும்? பாதியிலேயே தீர்ந்துவிட்டது. பல்லவியை இரண்டு முறை பாடினார். பல்பு எரியவில்லை. இன்னும் ஒன்றரை நிமிடம் மெழுகு இருந்தது.

அப்பா தம்பூரினை உயர்த்தி, பான்ஜோவை வாசித்து நிரப்பு என்று சைகை காட்டினார். எப்போதும் அப்படித்தான் செய்வார்கள். மாமா தலையை ஆட்டி மறுத்தார். பிறகு பாடினார். "ஒகுந்தோலா, மூடுபனியைப் போர்த்திக்கொண்டு எழுகிறவர்களின் மகனே, மூங்கில் பாலத்தில் ஆடிக்கொண்டே நடக்கிறவர்களின் மகனே, இகேமோக்காரனே." பல்பு எரியும்வரை பாடினார். மொழி தெரியாத வெள்ளைக்காரன் பிரமாதம் என்று கையைக் காட்டினான்.

தெருவுக்கு வந்ததும் அப்பா, "என்ன காரியம் பண்ணின?" என்றார்.

"மெழுகு மீதியிருந்தது" என்றார் மாமா.

இருபது வருடமாக அப்பாவிடம் அதையேதான் சொல்லியிருக்கிறார். என்னிடம் வேறு சொன்னார். "மெழுகும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத் தெரியும்னு அந்த மனுஷனுக்குத் தெரியணும்னு இருந்தது. மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டான் கெட்டிக்காரன்னு ஊரு சொல்லணும்னு இருந்தது. செத்துப்போன அம்மாவுக்காகப் பாடினேன்னு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஒட்டல."

என் அப்பாவும் அந்த மெழுகை அழிக்கச் சொல்லியிருக்கலாம். வெள்ளைக்காரனிடம் ஒரு வார்த்தை போதும். அடுத்த வாரம் இன்னொரு தட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லாமல் இருந்துவிட்டார். இதை அவர் ஒத்துக்கொள்ள எனக்கு இரண்டு வாரம் பிடித்தது.

தட்டுகள் கப்பலில் போய் அச்சாகி ஏழு மாதம் கழித்து வந்தன. அபேக்கே அம்மாள் தன் அப்பாவை உட்காரவைத்துக் கிராமபோனைச் சுற்றிவிட்டார். இரண்டாம் பக்கம் பாதி ஓடியதும் பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அம்மாளுக்குப் புரியவில்லை. அந்த வரிகளை அவர் கேட்டதே இல்லை. சந்தைக்குப் போனபிறகுதான் புரிந்தது. கடைக்காரர்கள் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

நேரமும் கெட்ட நேரம். வளவின் தலைவர் அந்த மாதம்தான் இறந்திருந்தார். அடுத்துத் தலைவராக வேண்டியவர் ஒகுந்தோலா. ஆனால் தளபதியின் தம்பி வழிப் பேரன் லாலேக்கானுக்கு அந்த இடத்தின்மேல் கண். கோர்ட்டில் குமாஸ்தா, நாக்கில் எண்ணெய் தடவிய மாதிரி பேச்சு. வளவுக் கூட்டத்துக்கு அவன் எதுவும் பேசாமல் வந்தான். கிராமபோனைத் தூக்கிக்கொண்டு வந்தான். தட்டைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவன் வாயால் பெரியவரின் பிறப்பைச் சொல்லவில்லை, சட்டம் மீறவில்லை. மாமாவின் குரல் சொன்னது. பிடித்துவந்த குழந்தை வளவுக்குத் தலைவராக முடியாது. பாட்டுக்காரன் வந்து சொல்லட்டும் என்று கூட்டத்தை எட்டு நாள் தள்ளிவைத்தார்கள்.

அபேக்கே அம்மாள் லாகோஸுக்கு ரயிலேறினார். பட்டறையில் இழைப்புச் சுருள்களுக்கு நடுவில், விலையுயர்ந்த தலைத்துணியோடு நின்றார். மாமா கையிலிருந்த இழைப்புளியைக் கீழே வைக்கக்கூட மறந்துவிட்டார்.

"தம்பி, நான் சண்டை போட வரல" என்றார் அம்மாள். "எங்கப்பா ஏழு வயசுலேர்ந்து அங்க இருக்காரு. அந்த வளவுல அவர் கை படாத சுவரு இல்ல. இப்போ கூட்டத்துல அவர் உட்கார்ந்தா சின்னப் பசங்க தங்க பாயைத் தள்ளி இழுத்துப் போட்டுக்கிறாங்க. நீ வந்து தப்பாப் பாடிட்டேன்னு சொல்லு. அது போதும்."

வருகிறேன் என்றார் மாமா. வேறு என்ன சொல்லமுடியும்?

ரயிலில் அப்பா வழியெல்லாம் புலம்பியிருக்கிறார். ஆள் மாற்றிக் குலம் பாடுகிறவனை இனி எந்த விருந்துக்குக் கூப்பிடுவார்கள் என்று. மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பேர் போகட்டும், தப்பாகப் பாடிவிட்டேன் என்று ஒரு வரி சொல்லித் தரையில் விழுந்தால் முடிந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தாராம்.

காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. அறுபது எழுபது பேர். பெரியவர் நடுவில். மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"எந்திரிங்க பாட்டுக்காரரே, லாகோஸ் சட்டை அழுக்காகுது" என்றான் லாலேக்கான். சிலர் சிரித்தார்கள்.

மாமா படுத்தபடியே, தான் தவறாகப் பாடிவிட்டதாகச் சொன்னார்.

"ஒரு வரி தப்பா வரலாம். நாக்கு புரளும். ஒன்றரை நிமிஷமுமா புரளும்? வரி வரியா, ஒரு இடம் தடுக்காம பாடியிருக்கீங்களே. அது யாரு குலம்?"

 தெரியாத குலத்தை யாரும் தடுக்காமல் பாடமுடியாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

"என் அம்மா குலம்" என்றார்.

 கூட்டத்தில் சிரிப்பு வெடித்தது. ஊரார் வீட்டு விருந்தில் சாப்பிட்டுவிட்டு, ஊரார் பேர் போட்ட தட்டில் தன் அம்மாவைப் பாடிக்கொண்ட பாட்டுக்காரனைப் பற்றி அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. மாமாவும் அதைப் பிடித்துக்கொண்டார். ஆமாம், வெட்கங்கெட்டுச் செய்துவிட்டேன், என் குலத்தைத் தட்டில் ஏற்ற ஆசைப்பட்டேன், நடுவில் பெரியவரின் பேர் பழக்கத்தில் வந்துவிட்டது என்றார். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அபேக்கே அம்மாளின் முகம் தெளிந்தது.

லாலேக்கான் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கம்மா இகேமோன்னா முகத்துல கோடு இருந்திருக்குமே. என்ன கோடு?"

அப்போதுதான் மாமாவுக்குத் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று புரிந்தது. அம்மாவின் கோட்டைச் சொன்னால் அது அங்கே எதிரில் உட்கார்ந்திருந்தது, பெரியவரின் கன்னத்தில். எழுபது பேரும் திரும்பிப் பார்த்தால் போதும்.

"எங்கம்மா முகத்துல கோடே இல்ல" என்றார் மாமா. "சுத்தமான முகம்."

"நீங்க பார்த்திருக்கீங்களா?" என்று அவன் என் அப்பாவிடம் திரும்பினான்.

அந்த அம்மாளின் கையால் எத்தனையோ காலை சுடச்சுட வடை வாங்கிச் சாப்பிட்டவர் என் அப்பா. தலையாட்டினார். சுத்தமான முகம்தான் என்றார்.

"சரி" என்றான் லாலேக்கான். "எனக்குப் போதும். பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லிட்டா எல்லாருக்கும் போதும். அந்தப் பாட்டு உங்களுக்கு என்ன வேணும்?"

பெரியவர் உள்ளங்கையால் முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். ஏழு வயதுவரை அவரையும் யாரோ அந்த வரிகளைச் சொல்லித்தான் காலையில் எழுப்பியிருப்பார்கள். அதை அங்கே அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர், அவரும் மாமாவும். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்கள்.

"அதுக்கும் எனக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்றார் பெரியவர்.

சம்மதத்தின் அடையாளமாகக் கோலாக் கொட்டையை உடைத்தார்கள். ஒகுந்தோலா தலைவரானார்.

மாமாவை அத்தோடு விடவில்லை. வளவின் மூத்த மருமகள் ஒருத்தி, வந்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டுப் போகட்டும், எங்கள் குலத்தை முழுசாகப் பாடட்டும் என்றாள். பான்ஜோவை எடுத்தார். எட்டு மாதத்தில் பாதி மறந்துபோயிருந்தது. அவர் தடுக்கிய இடத்திலெல்லாம் லாலேக்கானின் ஆட்கள் பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் திரும்பச் சொன்னார். குழந்தைகளும் சேர்ந்துகொண்டு கத்தின. முகம் பார்த்தே நூறு ஊர் பாடியவர் அவர். கடைசியில், தலைவர் செய்யவேண்டிய முறைப்படி பெரியவர் எழுந்து வந்தார். நெற்றியில் சில்லிங்கை வைத்து அழுத்தினார். அது ஒட்டவில்லை. மறுபடி அழுத்தினார்.  அந்த முகம் ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"அந்த ஆளு அந்த வார்த்தையைச் சொன்னப்போ எனக்கு என்ன இருந்தது தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். "அப்பாடான்னு இருந்தது. தப்பிச்சோம்டான்னு இருந்தது. அதைத்தான் என்னால தாங்க முடியல. பொய் சொன்னதுகூடப் பரவாயில்ல."

ஒரு மாதத்துக்குள் கதை ரயிலேறி லாகோஸ் வந்து சேர்ந்தது. விருந்துகள் நின்றன. தெருவில் போனால், "மாஸ்டர், எங்க கல்யாணத்துக்கு வாங்க, ஆனா உங்கம்மாவைக் கூட்டிட்டு வராதீங்க" என்றார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. பேசினால் இபாதானில் ஒரு மனிதரின் பக்கத்திலிருந்து பாய்கள் மறுபடி தள்ளி இழுக்கப்படும். அபேக்கே அம்மாள் கடைகளில் மிஞ்சியிருந்த தட்டுகளை எல்லாம் வாங்கி உடைத்துவிட்டார். பெரியவர் வீட்டிலிருந்த ஒரு தட்டும் அவற்றோடு உடைந்ததா என்று நான் கேட்டேன். அது தனக்குத் தெரியாது என்றும், அதைத் தெரிந்துகொள்ள நான் யார் என்றும் மாமா சொன்னார்.

அவருடைய தங்கை மொரோலாயோவுக்கும் செய்தி போனது. வந்தாள். கேலியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எங்கம்மா முகத்துல கோடு இல்லைன்னு சொன்னியாமே" என்றாள். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். காரணத்தைச் சொன்னால் அது நாலு வாய்க்குப் போகும். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார். "சரி. எனக்கும் இனிமே அண்ணன் முகம் ஞாபகமில்ல" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். இருபத்தொரு வருடம் ஆயிற்று. இதை நான் எழுதுவதற்கு மாமா சம்மதித்ததில் அவள் படிக்கட்டும் என்ற நினைப்புக்கும் பங்கு இருக்கலாம். அவர் அப்படிச் சொல்லவில்லை.

உலகச் சண்டை முடிந்தபிறகு சின்னச் சின்னக் கடைகளில் மறுபடி பாட ஆரம்பித்தார். கடைசி இரண்டு தட்டுகள் அப்போது வந்தவை. குலப்புகழ் ஒன்றும் அவற்றில் இல்லை. மழையைப் பற்றியும் ஒரு கார் டிரைவரைப் பற்றியும் பாடியிருக்கிறார். ஆனால் முன்போல ஆளைப் பார்த்துப் பாடமாட்டார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கிப் பாடுவார். நெற்றியில் காசு ஒட்ட வருகிறவர் யார் என்று அவருக்குத் தெரியாது. முகம் தெரியாமல் இருப்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அந்தக் கடைகளில் கேட்டு வளர்ந்த பையன்கள் இப்போது மின்சாரக் கிட்டாரும் பேசும் பறையும் வைத்துக்கொண்டு பெரிய பெரிய மேடைகளில் ஜுஜு பாடுகிறார்கள். அவர்களில் நிறையப் பேர் கண்ணை மூடி, முகத்தைத் தூக்கித்தான் பாடுகிறார்கள். அதுதான் ஜுஜு பாடும் முறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன சனிக்கிழமை மதியம் எபுட்டே மெட்டாவில் ஒரு கல்யாணம். என் வயதுப் பாட்டுக்காரன் ஒருவன் அப்படியே நின்று பாடினான். ஜனங்கள் கைதட்டினார்கள். மாமா பாதிப் பாட்டில் எழுந்து வெளியே போனார். கொஞ்ச நேரம் கழித்து அப்பாவும் போனார். நான் போய்ப் பார்த்தபோது இரண்டு பேரும் நிறுத்தியிருந்த ஒரு லாரியின் நிழலில் நின்றிருந்தார்கள்.